காத்திருக்கச் செலவில்லை

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சே கால் மணிங்க. ஆவிக் குளியலுக்கு, சௌனாக்குள்ள நாங்க மூணு பேரு, கதவு சாத்தி, அறை பூரா ஆவி. அடுப்புக்குப் பக்கத்துல கீழ்ப் பலகையில உக்காந்திருந்தவன் பேரு வேசா குய்த்தினென். இதெல்லாம் போலீஸ் தாள்லயே இருக்குமே, படிச்சுட்டுத்தான் வந்திருப்பீங்க. என் வாயால கேக்கணுமா. சரி, சமரசம் பண்ணி வெக்கிற வேலைன்னா அப்படித்தான் போல.

அவனோட வலது கையப் புடிச்சு, அடுப்புல கொதிச்சுக்கிட்டிருந்த கல்லு மேல வெச்சு அமுக்கினேன். தவறிப் போய்ப் பட்டதில்ல. வழுக்கி விழுந்துட்டேன்னு அவன் போலீஸ்ல சொல்லப் பாத்தானாம். கூட இருந்த யோக்கோதான் நெசத்தச் சொல்லிட்டான். மணிக்கட்ட ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன், முழங்கைய என் முட்டிக்காலால சுவத்தோட சேத்து அழுத்தியிருந்தேன். கல்லு மேல தண்ணி ஊத்தினா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் வந்துச்சு. தண்ணி யாரும் ஊத்தல.

விடுடா, ஆர்தோ, விட்டுருடான்னு கத்தினான். நான் அவன் காதுக்கிட்ட குனிஞ்சு, உன் கோரிக்கை கெடச்சுது, ஓரமா வெச்சிருக்கேன், பதில் தயாரானதும் வரும்னேன்.

நீங்க சிரிக்கல. எங்க தொழில்ல இருக்கறவங்களா இருந்தா வாயப் பொத்திக்கிட்டாவது சிரிச்சிருப்பாங்க. பரவால்ல, காப்பி ஆறுது, குடிங்க. அந்த ஏலக்கா பன்ன நான் எடுத்துக்கலாமா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல.

யோக்கோ மேல் பலகையிலேர்ந்து குதிச்சு வந்து என் கழுத்த வளைச்சான். தண்ணி மொள்ற மரக் கரண்டி கைக்கு எட்டுச்சு, அவன் வாயிலயே ஒண்ணு வெச்சேன். முன்பல்லு ரெண்டு போச்சு. பல்லத் துப்பிட்டு அவன் வாளியத் தூக்கி என் மண்டையில போட்டான் பாருங்க, அதுக்கப்புறந்தான் என் பிடி விட்டுச்சு. இந்தா, காதுக்கு மேல, தையல் தெரியுதா? அவன் மேல எனக்குக் கோவமில்ல. அவன் கேஸும் குடுக்கல. பல்லு கட்டுனதுக்கப்புறம் முன்னவிட லட்சணமா இருக்கேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான்.

வெளிய வந்து பனியில நின்னோம். வேசா கைய மணிக்கட்டு வரைக்கும் பனிக்குள்ள சொருகிக்கிட்டு முட்டி போட்டிருந்தான். வெள்ளைப் பனியில செவப்பு, மூணு பேரோடதும். எவன் ரத்தம் எதுன்னு தெரியல. யோக்கோதான் ஒழுகுற வாயோட சொன்னான், டேய் யாராச்சும் ஜட்டியப் போடுங்கடா, ஆம்புலன்ஸ்ல பொம்பளைங்க வந்தாலும் வருவாங்கன்னு. வேசா சிரிச்சான். அந்த வலியிலயும் சிரிச்சான். அந்தச் சிரிப்பப் பாத்ததும் மறுபடியும் அடிக்கணும்னு இருந்துச்சு எனக்கு. அதையும் சொல்லிடறேன், மறைச்சு என்ன ஆகப்போவுது.

புரியுதுங்க. நீங்க ரெண்டாவது வாட்டி சொல்றீங்க. இன்னைக்கு நாங்க ஒத்துப்போனா அரசு வக்கீல் கேஸக் கைவிட்டாலும் விடலாம். இல்லைன்னா கொடுங்காயம், கோர்ட்டு, ஜெயிலு. அவன் பணம் கேக்கல, நான் மன்னிப்புக் கேக்கணும்னும் சொல்லல. ஏன் செஞ்சேன்னு உங்க முன்னாடி நான் வாயத் தொறந்து நெசத்தச் சொல்லணும், அவ்ளோதான் கேக்குறான். பக்கத்து ரூம்ல இருமறான் பாருங்க, அவந்தான். குளுரு வந்துட்டாப் போதும், மே மாசம் வரைக்கும் இருமுவான்.

ஏன்னா, ப்ரோக்ராம் சண்டை. அதச் சொல்லிடுங்க அவன்கிட்ட.

பத்தாதா?

சரி, கேளுங்க. நாங்க எழுதற சாமானுக்குப் பேரு ஹல்கோ. வேசா வெச்ச பேரு. பொளந்த வெறகு மாதிரி நாம அடுக்கி வெப்போம், வேணுங்கிறவன் எடுத்து எரிச்சுக்கட்டும்னான். காசு கெடையாது, யாரு வேணா எடுத்துக்கலாம். நீங்க ஃபோன்ல பஸ் எப்ப வரும்னு பாக்குறீங்க, ரத்தப் பரிசோதனை முடிவு பாக்குறீங்க. உங்க ஃபோன் எங்கியோ இருக்கற ஒரு கம்ப்யூட்டர்கிட்ட கேள்வி கேக்குது. கேள்விய வாங்கி உள்ள குடுத்து, பதில வாங்கி வெளிய குடுக்குற வாசப்படி இருக்கே, அதச் செய்யறதுக்கான மரச்சாமான்தான் ஹல்கோ. எத்தனையோ கம்பெனிக்காரங்க அத வெச்சுத்தான் வாசல் கட்டியிருக்காங்க.

சுகாதார நெலையத்துக் கவுண்டர்ல நாலு பேரு இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. நீங்க போய் முடிவு வந்திருச்சான்னு கேக்குறீங்க. கவுண்டர்ல இருக்கற அம்மா உள்ள ஃபோனப் போட்டுட்டு, காதுல வெச்சபடியே நிக்குது. பதில் வர்ற வரைக்கும் அடுத்த ஆள ஏறெடுத்துப் பாக்காது. நாலு பேரும் அப்படியே நின்னா என்ன ஆகும், கூட்டம் வாசலத் தாண்டி பனியில நிக்கும். பழைய ஹல்கோ அப்படித்தாங்க இருந்துச்சு. புதுசா நாங்க செஞ்சது என்னன்னா, உங்க கேள்விய வாங்கிக்கிட்டு, ஓரமா உக்காருங்கன்னு சொல்லிட்டு, அந்தம்மா அடுத்த ஆளக் கூப்புடும். முடிவு தயாரானதும் உள்ளேர்ந்து யாராச்சும் வந்து உங்களத் தேடிக் குடுத்துட்டுப் போவாங்க. நடுவுல கவுண்டருக்கு உங்க நெனப்பே இருக்காது. அதனால அதே நாலு பேர வெச்சுக்கிட்டு ஊரையே சமாளிக்கலாம்.

சொல்றதுக்கு லேசு. கேட்டது யாரு, அவருக்கு அனுமதி உண்டா, இதெல்லாம் முன்னாடி அந்த ஒரே ஆளோட சட்டைப் பையில இருக்கும். இப்பக் கேள்விய வாங்கினவன் ஒருத்தன், பதிலக் குடுக்குறவன் வேறொருத்தன். குடுக்குறவன் பையில எவனோட சீட்டோ கெடக்கும். உங்க ரத்தத்த என் பேர்ல குடுத்துட்டுப் போயிடுவான். ஹல்கோவோட ஒவ்வொரு மூட்டுலயும் அந்த ஒரே ஆளு நெனப்புதான் ஊறியிருந்துச்சு. ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டுனோம். ரெண்டு வருஷம். வேசாதான் முக்கால்வாசி செஞ்சான். கெட்டிக்காரன், அதுல சந்தேகமே இல்ல.

சண்டை எங்கன்னா, ஓரமா உக்கார வெச்சவங்களுக்கு ஒரு கெடு வேணும்னேன் நான். இவ்ளோ நேரத்துக்குள்ள பதில் வரலைன்னா, வராதுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பணும். நாம போட்டுக் குடுத்துடணும், எவனும் மறந்துடக் கூடாது. வேசா வேண்டாம்னான். கெடு வேணுங்கிறவன் அவனே போட்டுக்கட்டும், நாம எதுக்குடா ஊராரு கையில கடிகாரம் கட்டணும்னான். நீ பொறந்ததே கெடு தாண்டித்தானேடா, உனக்கென்னடா இவ்ளோ அவசரம்னு எகத்தாளம் வேற.

அதுக்காக அடிச்சுக்கிட்டதும் உண்டு. எங்களுக்குள்ள கை நீளறது புதுசு இல்லீங்க. எட்டு வயசுலேர்ந்து ஒரே அணியில ஐஸ் ஹாக்கி ஆடுனவங்க, கையொறையக் கழட்டிப் போட்டாப் பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். போன வருஷம் தாம்பரே மாநாட்டுல எம்மூக்க ஒடச்சான், ஓட்டல்ல, காலைச் சாப்பாட்டு நேரத்துல. அடிக்கறதுக்கு முன்னாடி என் கஞ்சிக் கிண்ணத்த ஓரமா நகத்தி வெச்சான், சிந்தக் கூடாதாம். மூக்குல பஞ்ச அடச்சுக்கிட்டு அதே மத்தியானம் மேடையேறி ஹல்கோ பத்திப் பேசுனேன். அவன் முன் வரிசையில உக்காந்து கை தட்டுனான். அதுக்கு முந்தி ஒரு வாட்டி நாற்காலியால அவன் விலாவுல ரெண்டு எலும்ப நான் விரிசல் விட வெச்சேன். அவன் பொண்டாட்டி எனக்கு ஃபோன் பண்ணி, இனிமே கழுத்துக்கு மேல அடி, விலா வலியில தூக்கம் வராம என்னையும் எழுப்புறான்னா. சிரிச்சோம்.

ஆமா, நீங்க கேக்குறது ஞாயந்தான். அதெல்லாம் சண்டை, இது வேற. மூக்கு ஒட்டிக்கும். கைத்தோலு கல்லுலயே தங்கிருச்சு. தொடையிலேர்ந்து வெட்டி எடுத்து ஒட்டினாங்க, முதல் வாட்டி ஒட்டல, ரெண்டாவது வாட்டி எடுத்தாங்க. கடைசி ரெண்டு வெரலு மடங்காது. இப்ப கம்ப்யூட்டர்ல இடது கையாலதான் தட்டுறான்.

சரி, வழக்கத்தச் சொல்றேன். எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் ஒரு மாத்தத்த முன்வெச்சா மூணு நாள் பொறுப்போம். யாராச்சும் ஒருத்தர் வேண்டாம்னு ஒரு வரி எழுதுனாலும் அது நிக்கும். மூணு நாளா யாரும் வாயத் தொறக்கலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம். ஒலகத்துல அங்கங்க உக்காந்து காசு வாங்காம வேலை செய்யறவங்க, எல்லாரோட பதிலுக்கும் நின்னா ஒண்ணும் நகராது. நாந்தான் அந்த வழக்கத்தக் கொண்டாந்தேன். நம்ம ஊருக்காரங்களுக்குப் பேசாம இருக்கறதுதானே சுலபம்.

மார்ச்சு கடைசியில, ஒரு செவ்வாக்கெழம காலையில, வேசா அந்த மாத்தத்த முன்வெச்சான். கெடு இல்லாம. வெள்ளிக்கெழம ராத்திரி, மூணு நாள் ஆச்சு, யாரும் மறுக்கலைன்னு எழுதிட்டு ஹல்கோவுல சேத்துட்டான். நான் பதில் போடல. போட்டிருந்தா நின்னிருக்கும். அது அவனுக்கும் தெரியும்.

வழக்கப்படி பாத்தா அவன் மேல தப்பே இல்ல. ஆனா என்ன ஆச்சு தெரியுமா? ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், புதுசா வந்த ஹல்கோவ மாட்டிக்கிட்டாங்க. உள்ள ஒரு கருவி செத்துப்போச்சு, பதிலே வரல. வெளிய கேட்டவங்கள ஓரமா உக்கார வெச்சாங்க, வெச்சாங்க, வெச்சுக்கிட்டே இருந்தாங்க. கெடு இல்லையே, யாரையும் வீட்டுக்கு அனுப்பல. எடம் ரொம்பி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரெல்லாம் மொத்தமா மூச்சு நின்னு விழுந்துச்சு. அரை நாள் டாக்டருங்க சீட்டுல கையால எழுதிக்கிட்டு ஓடுனாங்க. நான் சொன்னேனா இல்லையா.

அது ஜூன் மாசங்க.

ஆமா. சௌனா ஏப்ரல்ல. ஆமா, அப்ப அது நடக்கல. நீங்க தேதிய நல்லாத்தான் பாக்குறீங்க.

திருப்பி எடுத்திருக்கலாமா? எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. சேத்தத எடுத்து வெளிய போட ஒரு வரி போதும். யோக்கோ கூட அதத்தான் சொன்னான், உனக்குப் புடிக்கலைன்னா எடுத்துரு ஆர்தோ, யாரும் கேக்க மாட்டோம்னு. நான் எடுக்கல. இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு. ஆஸ்பத்திரி விழுந்ததுக்கப்புறம் வேசாவே இடது கையால கெடுவப் போட்டுட்டான்.

சௌனாவுல என்ன பேசுனோம்னு யோக்கோ சொல்லியிருப்பானே. வருஷா வருஷம் ஏப்ரல்ல யோக்கோவோட ஏரிக்கரை வீட்டுல கூடுவோம், பகல்ல ஒண்ணா உக்காந்து எழுதுவோம், சாயங்காலம் சௌனா, கொஞ்சம் பீரு. அன்னைக்கு நான் பேசல. எனக்காக யோக்கோதான் கேட்டான், கெடு இல்லாம விட்டது ஆபத்து இல்லையாடா வேசான்னு. வேசா கல்லப் பாத்துக்கிட்டே சொன்னான். ஓரமா உக்கார வெச்ச கேள்விக்காக ஒரு ஆளும் நிக்க வேண்டியதில்லடா, காத்திருக்கறதுக்குச் செலவே இல்ல, எத்தனை நாள் வேணும்னாலும் காத்திருக்கலாம்னான்.

அவ்ளோதான். நான் எழுந்திரிச்சேன்.

இல்லைங்க, கைய எரிக்கற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லதான். சரியாத்தான் சொன்னான் அவன். அதுக்காகத்தானே ரெண்டு வருஷம் ஒழைச்சோம்.

என்ன அது, யோக்கோ குடுத்த வாக்குமூலமா? ஆர்தோ அந்த வாரம் வந்ததே எங்களுக்கு ஆச்சரியம்னா? பல்லு போன வாயில என்னென்னமோ வருது அவனுக்கு.

அந்த மூணு நாளா? வேற வேலையா இருந்தேன். ஃபோனப் பாக்கல. ஐஸு மேல இருந்தேன், பையான்னே ஏரியில. மீனுக்கா? ஓட்டை போட்டுக்கிட்டுத்தான் இருந்தோம், ஆமா. வரிசையா, பத்தடிக்கு ஒண்ணு. ஆனா மீனுக்கு இல்ல. ஓட்டைக்குள்ள கேமராவ எறக்கிப் பாத்துட்டு, அடுத்த ஓட்டை. துளை போடற கருவி சுத்திச் சுத்தி என் உள்ளங்கைத் தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. அத யாரும் கேஸுல எழுதல.

எந்தம்பிங்க. இல்க்கா. செவ்வாக்கெழம மத்தியானம் பனிவண்டியோட உள்ள போயிட்டான். மார்ச்சு கடைசி ஐஸு, மேல பாத்தா வெள்ளையா, கெட்டியா இருக்கும். கரையிலேர்ந்து பாத்த ஒருத்தர் சொன்னாரு, முதல்ல சத்தம், துப்பாக்கி வெடிச்ச மாதிரி, அப்புறம் வண்டியோட மூக்கு வானத்தப் பாத்துச்சு, அப்புறம் கை. ஒரு கையி வெளிய வந்து வெளிம்பப் புடிச்சுது, வெளிம்பு ஒடஞ்சுது, மறுபடி புடிச்சுது, மறுபடி ஒடஞ்சுது. அவரு ஓடி வர்றதுக்குள்ள கையி இல்ல.

வேசா எங்கன்னு கேக்குறீங்களா? என் பக்கத்துல. ஊருல காணாமப் போனவங்களத் தேடற தொண்டருங்க இருக்காங்கல்ல, ஆரஞ்சு கோட்டு, அந்தக் குழுவுக்கு அவந்தான் தலைவன். முதல் ஆளா வந்தான். வயித்தால ஊர்ந்து போய்ப் பாத்ததெல்லாம் அவந்தான். ரெண்டாம் நாள் அவனுக்குக் கீழயே ஐஸு ஒடஞ்சு நெஞ்சு வரைக்கும் உள்ள போயிட்டான். தலைமயிரப் புடிச்சுத்தான் இழுத்தேன், கோட்டுல பிடி கெடைக்கல. ஒரு கொத்து கையோட வந்துருச்சு. வெளிய போட்டதும் கன்னத்துல மாறி மாறி அறைஞ்சேன், கண்ணத் தொறக்கட்டும்னு. தொறந்து என்ன சொன்னான் தெரியுமா, போதும்டா, இல்க்காவுக்குக் கொஞ்சம் மிச்சம் வையின்னான். அந்த எடத்துல, அந்தக் குளுருல, நானும் அவனும் சிரிச்சோம்.

வெள்ளிக்கெழம சாயங்காலம் போலீஸ்காரரு அவனத்தான் கேட்டாரு. நாளைக்கும் ஆளுங்கள எறக்கலாமான்னு. அவன் என்னப் பாக்கல. குச்சியால ஐஸ நாலு எடத்துல குத்திப் பாத்தான், தண்ணி வந்துச்சு. போதும், நிறுத்திக்கலாம்னான். ஆரஞ்சு கோட்டக் கழட்டி மடிச்சு வண்டியில வெச்சுட்டு, வண்டியெடுத்துப் போயிட்டான். நான் அங்கயே நின்னேன். ரெண்டு பேரு தோளப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க, அதுல ஒருத்தரக் கடிச்சேன்.

சரியாத்தான் சொன்னான்னு எனக்கே தெரியும். இன்னும் ஒரு நாள் நின்னிருந்தா இன்னொருத்தன் உள்ள போயிருப்பான். வீட்டுக்குப் போயிருக்கான், தூக்கம் வரல, கம்ப்யூட்டரத் தொறந்திருக்கான். ஏதாவது ஒண்ணாவது முடியட்டும்னுதான் சேத்தேன்னு ஆம்புலன்ஸ்ல என்கிட்ட சொன்னான். பதில் போடாம நான் எங்க இருந்தேன்னு அவனுக்குத் தெரியாதா. தெரிஞ்சுதான் செஞ்சான். நெனப்பே இல்லாம செஞ்சான். ரெண்டும்தான்.

சௌனாவுக்கு நான் போனதுக்கு ஒரு காரணமும் இல்லீங்க. வீட்டுல இருக்க முடியல. அங்க ஒருத்தனும் இல்க்கா பேர எடுக்கல. பீர நீட்டுனாங்க, எடம் நகந்து குடுத்தாங்க. அது அவங்க மரியாதை. ஏரி இன்னும் ஐஸு மூடியேதான் இருந்துச்சு, இல்க்கா அதுக்குக் கீழதான்.

கூப்புடுங்க அவன. இதத்தான் சொன்னேன்னு சொல்லுங்க, அவன் கேட்டது இதுதான். கையெழுத்து எங்க போடணும்?

இருங்க, ஒண்ண விட்டுட்டேன். ஐஸு வெலகுன நாள்லேர்ந்து ஒருத்தன் தெனம் காலையில கரையோரம் நடக்குறான்னு ஊருல பேசிக்கிட்டாங்க. வலது கையில கட்டு, இடது கையில கழியாம். என்கிட்ட யாரும் வந்து சொல்லல. நானும் கேக்கல.

மே மாசம் பதினொண்ணாந் தேதி, ஞாயித்துக்கெழம காலையில, தெக்குக் கரை நாணலுக்குள்ள இல்க்காவ வேசா கண்டெடுத்தான்.